நெற்றி மாறி வந்த அப்பா

எங்கள் சித்தப்பா எதையும் நம்புவார். கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கி, அடியில் தங்கக் கோபுரம் தெரிகிறது என்று ஒரு வீடியோவைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். எங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். கோபுரத்தை நேரில் பார்த்துவிட்டு, அப்படியே மீனும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். குழுவில் ஒரு ஆள்கூடப் போகவில்லை. எல்லாரும் வீட்டில் உட்கார்ந்தபடி கை கூப்பினார்கள். மண்டைக்காட்டுக் கடற்கரையில் மனித முகத்தோடு ஒதுங்கிய மீன், மலை உச்சியில் ஐந்து தலைப் பாம்பு, நிலாவிலிருந்து தெரிந்த நம்மூர் விளக்கு, இப்படி வாரத்துக்கு ஒன்றாவது வரும். எல்லாவற்றுக்கும் கீழே சித்தப்பா 'உண்மை. பகிரவும்' என்று எழுதுவார்.

இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தை நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தார். அது என் அப்பாவின் குரல்.

அப்பா வாழைக்குலை ஏலம் விடுகிறவராக இருந்தார். அவர் சந்தையில் நின்று விலை கூவினால் ரோட்டில் போகிற பஸ்காரன் ஹாரன் அடிக்க வெட்கப்படுவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நாங்கள் அய்யாவழிக் குடும்பம், விபூதிப் பட்டை போட மாட்டோம். காலையில் குளித்து, நெற்றியில் வெள்ளை நாமத்தை நேராக மேல்நோக்கி இழுத்துவிட்டுத்தான் அப்பா வாயையே திறப்பார். நான் படித்து வேதியியல் டீச்சரானேன், வேலை கிடைத்த கையோடு களியக்காவிளையில் டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் பேசாமலே இருந்தார், வருஷக்கணக்காக. அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று போன் பேசுவாள்.

பிறகு அப்பாவுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, குரலும் போய்விட்டது. போய்விட்டது என்றால் முழுதாக அல்ல. மெல்லிசாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வரும் என்று அம்மா சொன்னாள். நான் கேட்டதில்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சாயங்காலம், அவருடைய நம்பரிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மக்கா… தம்பி கல்யாணத்துக்கு… நீதான்… முடிச்சு… போடணும். வா."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலிக்கு முதல் முடிச்சைப் போடுவான். மற்ற முடிச்சுகளை மணப்பெண்ணின் பின்னால் நின்று அவனுடைய கூடப்பிறந்தவள் போடுவாள். அந்த இடத்தில் நிற்கிறவள் அந்த வீட்டுப் பெண் என்று அர்த்தம். வேறு ஒரு விளக்கமும் வேண்டாம். அப்பா மன்னிப்பு, பாசம் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் நேரே அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், முதலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். யாரோ விளையாடுகிறார்கள் என்று தோன்றியது. அது என் அப்பாவின் குரலாகவே இல்லை. ஆனால் அப்பாவுக்குப் பதிவை நிறுத்தத் தெரியாமல் அது இன்னும் கொஞ்சம் ஓடியது. ஏதோ குழறலாக ஒரு முனகல் வந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு பின்னால் எங்கிருந்தோ அம்மாவின் குரல் கேட்டது: "கஞ்சி ஆறுது. அதை அங்கன வச்சிட்டு வாங்க." அந்தக் கஞ்சியில்தான் நான் நம்பினேன். சமையற்கட்டிலிருந்து அலுப்போடு வருகிற அந்தக் குரலை எந்த எந்திரத்தாலும் செய்ய முடியாது. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போது வராதே, தம்பி மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வரட்டும், அவன் இருக்கும்போது வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றாள். தம்பி லீவுக்கு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

அடுத்த வருஷம் தம்பிக்குப் பெண் பார்த்து நாள் குறித்தார்கள். குடும்பத்தில் மூத்த ஆண் என்ற முறையில் எல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு. அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடுகிற எங்கள் ஊர்த் தாங்கலின் கமிட்டியிலும் அவர்தான் பெரிய ஆள். நாமம் எப்படிப் போட வேண்டும், தலைப்பாகை எப்படிக் கட்ட வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசினால் சாப்பாட்டுப் பந்தி தள்ளிப் போகும். முடிச்சுப் போடத் தன் மகளை நிறுத்துவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அப்பா கடைசி வரைக்கும் என்னை ஏற்கவில்லை, செத்தவர் வார்த்தையை மீறக் கூடாது, சர்ச் குடும்பத்துக்குப் போனவள் மேடையேறினால் தாங்கல்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது, இப்படி மூன்று காரணம் தம்பிக்குச் சொல்லப்பட்டிருந்தது. தம்பி மஸ்கட்டிலிருந்து எனக்கு போன் செய்து, அக்கா, நீ வந்து பேசிப் பாரு, நான் என்னத்தச் சொல்ல என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். கறி நன்றாக இருக்கிறதா என்று கேட்டாலும் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் சித்தப்பா, அவர் மகள், மருமகன். கதவோரம் அம்மா பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை மேஜைமேல் வைத்து அப்பாவின் குரலைப் போட்டேன். பதிவு முடிந்தது. எனக்கு அப்போதே மேடையில் நிற்கிற மாதிரி இருந்தது.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மக்கா, இதெல்லாம் இப்ப ஏஐ-ல செய்யுதானுவோ. அண்ணன் இப்பிடியா பேசுவாரு? அவரு சத்தம் எட்டு ஊருக்குக் கேக்கும்."

ஐந்து தலைப் பாம்புக்கு ஒரு தலைகூட எண்ணிப் பார்க்காதவர். இப்போது அவருக்கு அறிவியல் வந்துவிட்டது. போலியைக் கண்டுபிடிக்கும் வழிகள் என்று ஒரு மெசேஜ் வந்ததாம், அதை அப்படியே ஒப்பித்தார். கண் சிமிட்டுகிறதா, காது இரண்டும் ஒரே அளவா, விரல் கூடுதலாக இருக்கிறதா. இது வெறும் குரல், இதற்கு விரல் ஏது சித்தப்பா என்று கேட்டேன். அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றார்.

அவருடைய மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், சென்னையில் வளர்ந்தவர். வீட்டில் யாருக்காவது போன் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் என் போனை வாங்கி எந்தத் தேதியில் வந்தது என்று தேடினார். நான் இடையில் போன் மாற்றியபோது பழைய உரையாடல் எல்லாம் போய், அந்த ஒலிப்பதிவை மட்டும் தனியாகச் சேமித்து வைத்திருந்தேன். அப்பாவின் போனைத் தம்பி துடைத்துச் சுத்தமாக்கி அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். அதில் பக்திப் பாட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆக, சாட்சி கிடையாது. மருமகன் குரலைச் சோதிக்கிற ஒரு ஆப்பை இறக்கி, பதிவை அதில் போட்டார். ஒரு சக்கரம் சுற்றியது. 'செயற்கைக் குரல்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லை, இடைவெளிகள் இயல்பாக இல்லை என்று விளக்கினார். கடைசியில் வருகிற முனகலைத் திரும்பத் திரும்பப் போட்டு, "இந்த இடத்துல பாருங்க, ஏஐ மாடல் ஒடைஞ்சு போயிருக்கு. மனுஷன் வாயில இந்தச் சத்தம் வராது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. அந்த ஆப்பிலேயே சித்தப்பா அரை நிமிஷம் பேசட்டும் என்றேன். அவரும் பெருமையாகத் தொண்டையைச் செருமி, நிதானமாக, தாங்கல் மைக்கில் பேசுகிற பாணியில் பேசினார். சக்கரம் சுற்றியது. முழுக்க முழுக்கச் செயற்கை என்று வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த ஆப்பின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. மருமகன், சில நேரம் அப்படிக் காட்டும் அக்கா என்றார். என் அப்பாவுக்கு மட்டும் அது சில நேரம் இல்லையா என்று கேட்டேன், அவர் போனை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கஞ்சியைச் சொன்னவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வெங்காயத்தின் மேல் தோலை உரித்தாள், அடுத்த தோலை உரித்தாள், தலை நிமிரவே இல்லை. சித்தப்பாவைவிட அன்று எனக்கு அவள்மேல்தான் கோபம். உங்கள் சவத்து முடிச்சைக் கொண்டு கடலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். களியக்காவிளை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் கணவர்தான், தம்பி உனக்கு ஒருத்தன்தானே, போய் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவோம் என்றார். போனோம். மண்டபத்தில் நடுவில் ஒரு வரிசையில், யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி உட்கார்ந்தோம். மேடைக்குப் பக்கத்தில் சுவர் அளவுக்கு ஒரு திரை வைத்திருந்தார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள்.

விளக்கை அணைத்தார்கள். புல்லாங்குழல் வந்தது. திரையில் மேகம் விலகி, ஒரு வெள்ளை வாசல் திறந்து, அதிலிருந்து என் அப்பா நடந்து வந்தார்.

இரண்டு காலாலும் நன்றாக வீசி நடந்து வந்தார். பட்டு வேட்டி, தங்கக் கரை. உயிரோடு இருந்த காலத்தில் அவர் பட்டு கட்டி யாரும் பார்த்ததில்லை, வேர்க்கும் என்பார். பல் அத்தனையும் பால் மாதிரி. அவருக்கு மேல்வரிசையில் பாதிதான் இருந்தது. நெற்றியில் பட்டை பட்டையாகக் குறுக்கே விபூதி. இந்து அப்பா என்றதும் வீடியோவைச் செய்த அந்த ஏஐ எந்திரம் தானாகவே மூன்று பட்டை போட்டு அனுப்பிவிட்டது போலிருக்கிறது. அய்யாவழிக்காரரின் நெற்றியில் விபூதிப் பட்டை. மண்டபம் முழுக்க நாமம் போட்ட நெற்றிகள் உட்கார்ந்திருக்கின்றன, ஒரு நெற்றிகூடச் சுருங்கவில்லை. அப்பா திரையிலேயே தம்பி பக்கம் கையைத் தூக்கி, எல்லாரும் நல்லா இருங்க, குடும்பம் ஒற்றுமையா இருக்கணும் என்றார். சந்தையில் யாரோ எடுத்த பழைய வீடியோவிலிருந்து குரலை எடுத்திருந்தார்கள். ஆகவே ஆசீர்வாதம் வாழைக்குலை ஏலம் விடுகிற தொனியில் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லியிருப்பார்.

மண்டபமே விம்மியது. சித்தப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணே, அண்ணே என்றார். மருமகனை எல்லாரும் கட்டிப் பிடித்தார்கள், அவர்தான் ஏற்பாடு. கண் சிமிட்டியதா என்று யாரும் பார்க்கவில்லை. காது அளக்கவில்லை. கையில் எத்தனை விரல் என்று எண்ணவில்லை. தம்பி தலைப்பாகையைச் சரிசெய்வதுபோலக் கண்ணைத் துடைத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கணவர் குனிந்து, இதைவிட உன் போனில் உள்ளதுக்கு எவ்வளவோ உயிர் இருக்கிறதே என்றார்.

விளக்கு போட்டதும் கேமராக்காரர்கள் அம்மாவை நோக்கி ஓடினார்கள். அம்மா மேடையில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. இது அவர்களுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அம்மா, சேலைத் தலைப்பால ஒண்ணு கண்ணைத் தொடைங்க என்று ஒருவன் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள். காலர் மைக் ஒன்றை அவள் சேலையில் குத்தியிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இது யாரு?"

சித்தப்பா திகைத்தார். "என்ன மயினி, அண்ணனைத் தெரியலியா?"

"நெத்தியில என்னது அது? ஒங்க அண்ணன் பட்டை போட்டு நீரு பாத்திருக்கீரா?"

அப்போதுதான் மண்டபம் திரையைத் திரும்பப் பார்த்தது. அப்பா அங்கே சிரித்தபடி உறைந்து நின்றார், மூன்று பட்டையோடு. முன் வரிசையில் தாங்கல் கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மருமகன் அவசரமாகத் திரையை அணைக்கச் சொன்னார்.

அம்மா நிறுத்தவில்லை. குரல் உயரவும் இல்லை. "சத்தம் போன பெறவு அவரு எப்பிடிப் பேசுனாருன்னு ஒமக்குத் தெரியுமா? அடுத்த தெருதானே. ஒரு நாளு வந்து பக்கத்துல இருந்து கேட்டீரா?"

சித்தப்பாவின் வாயில் துண்டு அப்படியே இருந்தது. அவர் அந்தக் குரலைப் போலி என்று சொன்னதற்குக் காரணம் எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. பொய்யெல்லாம் சொல்லவில்லை மனுஷன். அண்ணன் படுத்த பிறகு அவர் வீட்டுப் படி ஏறவே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அண்ணன் சந்தையில் கூவிக்கொண்டிருந்த அண்ணன்தான்.

"அவ போன்ல உள்ளதுதான் அவரு. பொறத்தால கஞ்சி ஆறுதுன்னு சொன்னது நான்தான்" என்றாள் அம்மா. பிறகு மண்டபத்துக்குள் என்னைத் தேடினாள். "வாட்டி. வந்து முடிச்சைப் போடு."

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று நினைவில்லை. யாரோ என் செருப்பைப் பிடுங்கி வாங்கினார்கள். சித்தப்பா மகள் ஏற்கெனவே மணப்பெண்ணின் பின்னால் நின்றிருந்தாள். அவள் நகர்ந்து, அக்கா, நீ போடு, எனக்கு இந்த முடிச்சு எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியாது என்று காதோடு சொன்னாள். நல்ல பிள்ளை. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போகுது, நேரம் போகுது என்று யாரையோ விரட்டினார். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். மிச்சத்தை நான் போட்டேன். அவசரத்தில் ஒன்று கொஞ்சம் இறுகிவிட்டது, பெண் முகத்தைச் சுளித்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சில மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. அம்மாவும் நானும் தம்பி வீட்டு டிவியில் பார்த்தோம். மேகம், வாசல், அப்பா எல்லாம் உண்டு. இந்தத் தடவை நெற்றியில் அழகான வெள்ளை நாமம், திருத்திவிட்டார்கள். அம்மா கேட்டது எதுவும் இல்லை, அந்த இடம் முழுக்க வெட்டி எறிந்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். பிறகு அம்மாவின் முகம், மிகப் பக்கத்தில். இரண்டு கண்ணிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே வேகத்தில் கண்ணீர் இறங்கியது. கன்னத்தில் உள்ள மச்சத்தைக்கூடச் சுற்றிப் போகாமல் அதன் மேலேயே நேராக இறங்கியது.

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் அம்மா.

மருமகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எமோஷன் கொஞ்சம் குறைவா இருந்துச்சு அக்கா, அதான் லேசா சேத்தோம் என்றார், உப்பு சேர்த்த மாதிரி. அன்று சாயங்காலமே சித்தப்பா அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குழுவில் போட்டார். அண்ணனைக் கண்டதும் மயினி கலங்கி நின்ற காட்சி. உண்மை. பகிரவும். இரவுக்குள் குழு முழுக்கக் கை கூப்பிவிட்டது. இனி இன்னும் சில வருஷத்தில் அம்மா அன்று அழுதாள் என்பதுதான் நடந்ததாக இருக்கும்.

அம்மா டிவியை நிறுத்தச் சொன்னாள். உன் போன்ல உள்ளதை ஒண்ணு போடு என்றாள். போட்டேன். மக்கா, தம்பி கல்யாணத்துக்கு, நீதான், முடிச்சு. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆப்பில் போட்டுச் சோதித்த அன்றைக்கு ஏன் அம்மா வாயைத் திறக்கவில்லை என்று அப்போது கேட்டேவிட்டேன். கல்யாணம் முடங்கிருமோன்னு பயம்தான், ஒரு பிள்ளை ஏற்கெனவே வெளியே, இன்னொண்ணும் போயிட்டா என்றாள். பதிவு அந்த முனகலுக்கு வந்தது. மருமகன் மாடல் உடைந்துவிட்டது என்று சொன்ன இடம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாத. அது அவரு எங்கிட்டப் பேசுகது."

"என்ன பேசுனாரு? எனக்கு ஒண்ணும் புரியலியே."

கடைசியில் அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் புரியும். அவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ நம்புவாளான்னு கேட்டாரு."

கேட்டேன். "அதுக்கு நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. கஞ்சி ஆறுதுன்னு சொன்னேன்."